தாய்மை எனும் அமானிதம்: முதற் கர்ப்பமும் குடும்பத்தின் கடமையும்

  

திருமணமாகிச் சில மாதங்களே சென்ற ஒரு வீட்டை உங்கள் மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். மனைவிக்கு மாதவிடாய் பத்து நாட்கள் பிந்திவிட்டது. கணவன் மருந்துக் கடையிலிருந்து சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டி ஒன்றை வாங்கி வருகின்றான். ஸுபஹுத் தொழுகைக்கு எழுந்த வேளையில் சோதித்துப் பார்க்கின்றனர். இரண்டு கோடுகள் தெரிகின்றன. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று இருவரது நாவும் ஒருசேர மொழிகின்றன. அதற்கடுத்த கணமே ஒரு கேள்வி எழுகின்றது: இச்செய்தியை யாரிடம் கூறுவது?

பெண் தன் உம்மாவிடம் கூறுகின்றாள். உம்மா மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையும் விடுக்கின்றார்: "மூன்று மாதம் கழியட்டும் மகள். அதுவரைக்கும் யாரிடமும் சொல்ல வேண்டாம். கண்ணூறு பட்டுவிடும்." மாமியாரும் அதனையே கூறுகின்றார். கணவனோ, இது பெண்களின் விடயம் என்று ஒதுங்கிக் கொள்கின்றான். இவ்வாறாக ஒரு வாரம் இரண்டாகி, ஒரு மாதம் மூன்றாகி விடுகின்றது.

அன்புக்குரியவர்களே! ஊராருக்கும் உறவினருக்கும் சொல்லாதிருப்பதில் தவறேதுமில்லை. அது ஒரு குடும்பத்தின் அந்தரங்கம். ஆனால், அயலவர்களிடம் மறைப்பது வேறு. அத்தாயையும் சேயையும் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றவர்களிடம் மறைப்பது வேறு. இந்த வேறுபாட்டை நாம் விளங்கிக் கொள்ளாததனாலேயே பல குடும்பங்களில் மிகப் பெறுமதியான மூன்று மாதங்கள் வீணே கழிந்து விடுகின்றன.

முதல் மூன்று மாதங்களின் பெறுமதி

கருவில் உருவாகும் சிசுவின் மூளையும் முள்ளந்தண்டும் தோன்றுவதற்கு அடிப்படையான நரம்புக் குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கின்றது. அதாவது, மாதவிடாய் பிந்திவிட்டதை ஒரு பெண் உணர்ந்து இரண்டு வாரங்கள் செல்வதற்குள்ளேயே அப்பணி நிறைவுற்று விடுகின்றது. பன்னிரண்டு வாரங்கள் கழிவதற்குள் இருதயம், கை, கால்கள், முகம் உட்பட முக்கிய உறுப்புகள் யாவும் உருப்பெற்று விடுகின்றன. 'மூன்று மாதம் கழியட்டும்' என்று நாம் காத்திருக்கும் காலமே, சிசு உருவாகும் காலமாக இருக்கின்றது.

நரம்புக் குழாய் முறையாக மூடாதுவிடின், முள்ளந்தண்டிலோ மூளையிலோ பாரிய குறைபாட்டுடன் குழந்தை பிறக்கக் கூடும். இந்த அபாயத்தைப் பெருமளவு குறைப்பது போலிக் அமிலம் எனும் சிறிய மாத்திரையாகும். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவில், கர்ப்பம் தரிக்க முன்னரே இதனை ஆரம்பித்தல் வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையாகும். ஆகவே, நிக்காஹ் முடிந்து குடும்ப வாழ்வை ஆரம்பித்திருக்கும் புதுமணத் தம்பதியர், குழந்தையை எதிர்பார்க்கும் எண்ணம் கொண்டவுடனேயே தமது பிரதேச மருத்துவ மாதுவைச் சந்திப்பது சிறந்ததாகும். ருபெல்லா நோய்க்கெதிரான தடுப்பூசி பெறப்பட்டுள்ளதா என்பதையும், இருவருக்கும் தலசீமியா எனும் பரம்பரை இரத்த நோயின் கூறு உள்ளதா என்பதையும் அறிய அதுவே பொருத்தமான காலம். ருபெல்லாத் தடுப்பூசியைக் கர்ப்பம் தரித்த பின்னர் ஏற்ற முடியாது. உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்கள் தலசீமியாப் பரிசோதனையில் விசேட கவனம் செலுத்துதல் வேண்டும்.

இவற்றைச் செய்யாமலே கர்ப்பம் தரித்துவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை. அறிந்த அன்றே ஆரம்பியுங்கள். வைத்தியரின் ஆலோசனையின்றி எந்த மருந்தையும் கசாயத்தையும் உட்கொள்ளாதீர்கள். வீட்டில் புகைபிடிப்பவர் எவராயினும், அது கணவனாயினும், வாப்பாவாயினும், அன்றே அதனை நிறுத்தட்டும்.

நமது நாட்டில் உள்ள பேறு

இலங்கையில் 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று நாடெங்கும் பரந்துள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் ஒழுங்காகும். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற அடிப்படையில் பொதுச் சுகாதார மருத்துவ மாதுக்கள் கிராமங்கள் தோறும் கடமையாற்றுகின்றனர். குடும்ப நல மாது என்றும், மிட்வைப் மிஸ் என்றும் நாம் அழைப்பது இவர்களையே.

1930களின் நடுப்பகுதியில் இந்நாட்டில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மரணித்தனர். 2010களில் அத்தொகை 30ஐ அண்மித்த நிலைக்குக் குறைந்தது. மலேரியாக் கட்டுப்பாடு, நோயெதிர் மருந்துகள், இரத்தம் ஏற்றும் வசதி, வைத்தியசாலைப் பிரசவம் ஆகியவற்றோடு, வீடு வீடாகச் சென்று கர்ப்பவதிகளைத் தேடிப் பதிவு செய்த இந்த மாதுக்களின் உழைப்பும் அதற்குக் காரணமாகும். நமது பாட்டிமாரின் காலத்தில் பிரசவ அறைக்குள் சென்ற பெண் திரும்பி வருவாளா என்று குடும்பமே நடுங்கியிருந்தது. இன்று அந்த நடுக்கத்தை நாம் மறந்திருக்கின்றோம் எனில், அதற்குப் பின்னால் ஒரு பெரும் ஒழுங்கு இயங்குகின்றது. அது இலவசமானது. இன, மத வேறுபாடற்றது. ஆயினும், நாம் அதன் கதவைத் தட்டினால் மாத்திரமே அது நமக்குப் பயன்தரும்.

ஆகவே, கர்ப்பம் உறுதியானதும் எட்டு வாரங்கள் கழிவதற்கு முன்னர் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் பதிவு செய்து கொள்ளுங்கள். அவர் யாரெனத் தெரியாதவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் கூறுவர். செல்லும்போது தேசிய அடையாள அட்டை, சிறுவயதுத் தடுப்பூசி அட்டை, முன்னர் பெற்ற சிகிச்சைகளின் துண்டுகள் யாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். தனியார் வைத்தியசாலையில் விசேட வைத்திய நிபுணரைச் சந்திப்பவர்களும் இப்பதிவைத் தவிர்க்கக் கூடாது. வைத்திய நிபுணர் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார். மருத்துவ மாது வருவார். பிரசவத்தின் பின்னரான முதல் பத்து நாட்களுக்குள் தாயையும் சேயையும் வீட்டுக்கு வந்து பார்ப்பவரும் அவரே.

ஹைழ் நாட்களைக் குறித்து வைத்தல்

முதற் சந்திப்பில் கேட்கப்படும் முதலாவது கேள்வி, இறுதி மாதவிடாய் எத்திகதியில் ஆரம்பித்தது என்பதாகும். பிரசவத் திகதி அந்நாளிலிருந்து 280 நாட்கள் எனக் கணிக்கப்படுகின்றது. தொழுகைக்காகவும், ரமழானில் விடுபட்ட நோன்பைக் கழாச் செய்வதற்காகவும் ஹைழ் நாட்களைக் குறித்து வைக்கும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. அப்பழக்கம் இவ்விடத்தில் பேருதவி புரிகின்றது. எனவே, பிள்ளைகள் பருவமடைந்த நாள் முதல் இதனைப் பழக்குவது உம்மாமாரின் கடமையாகும்.

ஒரு விடயத்தில் மாத்திரம் கவனம் தேவை. பிறைக் கணக்கில் குறிப்பவர்கள் அதனை ஆங்கில மாதத் திகதிக்கு மாற்றிக் கூறுதல் வேண்டும். பிறை மாதம் 29 அல்லது 30 நாட்களைக் கொண்டது. 280 நாட்கள் என்பது பிறைக் கணக்கில் ஏறத்தாழ ஒன்பதரை மாதங்களாகும். 'ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது, இன்னும் வலி வரவில்லையே' என்று வீணே அஞ்சுவதும், திகதி கடந்த பின்னரும் 'இன்னும் நாளிருக்கின்றது' என்று அலட்சியமாக இருப்பதும் கணக்குப் பிழையினாலேயே நிகழ்கின்றன. திகதியில் ஐயம் இருப்பின், முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேன் பரிசோதனை அதனைச் சரியாகக் காட்டும். காலம் செல்லச் செல்ல ஸ்கேன் காட்டும் திகதியின் துல்லியம் குறைந்துவிடும். விரைந்து செல்ல வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முதல் கிளினிக்கில் நடைபெறுவது யாது?

கிளினிக் என்றதும் அச்சமும் நாணமும் கொள்ளும் யுவதிகளுக்காக இதனைக் கூறுகின்றோம். உங்கள் உயரமும் நிறையும் அளக்கப்படும். இரத்த அழுத்தம் பார்க்கப்படும். சிறுநீரில் புரதமும் சீனியும் உள்ளனவா எனச் சோதிக்கப்படும். இரத்த வகை, இரத்தச்சோகை, நீரிழிவு, சிபிலிஸ், எச்ஐவி ஆகியவற்றிற்கு இரத்தம் பெறப்படும். இறுதியாகக் கூறிய இரண்டின் பெயரைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கின்றனர். 'நமது பிள்ளைக்கு எதற்கு இந்தப் பரிசோதனை?' என வினவுகின்றனர். இது எவரையும் சந்தேகித்துச் செய்யப்படுவதன்று. நாட்டின் கர்ப்பவதிகள் யாவருக்கும் செய்யப்படுவது. இவ்விரு நோய்களும் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை இல்லாதொழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் அங்கீகரித்ததும் இவ்வாறு யாவரையும் பரிசோதித்ததன் பயனேயாகும்.

தாயின் இரத்த வகை நெகடிவ் ஆக இருந்து, சேயின் வகை பொசிடிவ் ஆக அமையுமாயின் அடுத்து வரும் குழந்தைகளுக்கு ஆபத்து நேரலாம். உரிய வேளையில் ஏற்றப்படும் ஊசியொன்று அதனைத் தடுத்துவிடும். ஏற்புவலித் தடுப்பூசி எத்தனை தேவை என்பது உங்கள் சிறுவயது அட்டையைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும். நீரிழிவுப் பரிசோதனை 24 முதல் 28 வாரங்களுக்கிடையில் மீண்டும் செய்யப்படும். முதற் பரிசோதனையில் சீனி இல்லை என்றதும் இரண்டாவதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

மறைக்கப்படும் நோய்

இப்போது நாம் பேசத் தயங்கும் ஒரு விடயத்துக்கு வருவோம்.

ஒரு பெண் பிள்ளைக்குச் சிறுவயதில் இருதயத்தில் ஒரு குறை இருந்தது. அல்லது வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொண்டாள். அல்லது தொய்வு நோயிருந்தது. கலியாணம் பேசும் காலம் வந்தபோது, 'இதைச் சொன்னால் சம்பந்தம் தவறிவிடும்' என்று பெற்றோர் மறைத்துவிட்டனர். அப்பிள்ளை இன்று கர்ப்பவதியாக, மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு கிளினிக்கில் அமர்ந்திருக்கின்றாள். 'முன்னர் ஏதேனும் நோய் இருந்ததா?' என மருத்துவ மாது கேட்கின்றார். அவள் தலையை அசைத்து, 'இல்லை' என்கின்றாள். வலிப்பு மருந்தை, கணவன் கண்டுவிடுவான் என்று அஞ்சி, தானாகவே நிறுத்தியும் விடுகின்றாள்.

பெற்றோர்களே! சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். கர்ப்ப காலத்தில் உடலின் இரத்தத்தின் அளவு பெருமளவு அதிகரிக்கின்றது. இருதயம் வழமையை விடக் கூடுதலாக உழைக்கின்றது. குறையுள்ள இருதயம் அச்சுமையைத் தாங்க முடியாது தளர்ந்துவிடலாம். நமது நாட்டில் தாய்மார் மரணத்திற்கான முன்னணிக் காரணங்களுள் இருதய நோயும் ஒன்றாகும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது தாயின் உயிருக்கே ஆபத்தானது. அம்மருந்துகளுட் சில சிசுவுக்குத் தீங்கு விளைவிக்கக் கூடியவை என்பதும் உண்மையே. ஆனால், அதனை மாற்றிக் கொடுப்பதோ குறைப்பதோ வைத்தியரின் பணி. அவர் அறிந்தால் அல்லவா அதனைச் செய்ய முடியும்?

அறிந்துகொண்ட இருதய நோயாளி, உரிய வைத்திய நிபுணர்கள் உள்ள பெரிய வைத்தியசாலைக்கு ஆரம்பத்திலேயே அனுப்பப்படுகின்றார். அத்தகைய பெண்கள் பலர் நலமாகப் பிரசவித்து வீடு திரும்புகின்றனர். அறியப்படாத நோயாளியோ நள்ளிரவில் மூச்சுத்திணறலுடன் கொண்டு வரப்படுகின்றார். இவ்விரு பெண்களுக்கும் இடையிலான வேறுபாடு, பல வேளைகளில், ஆரம்பத்தில் கூறப்பட்ட ஒரேயொரு வார்த்தையேயாகும்.

கர்ப்பவதியான சகோதரியே! பிறர் முன்னிலையில் கூற முடியாதுவிடின், மருத்துவ மாதுவிடம் தனிமையில் பேசவேண்டும் எனக் கேளுங்கள். பெண்ணின் உம்மாவே! உங்கள் மகள் கூற நாணுவாளாயின் நீங்கள் சென்று கூறுங்கள். பழைய வைத்தியத் துண்டுகளை ஒப்படையுங்கள். கணவனின் குடும்பத்தாரே! அச்செய்தியை அறிய நேர்ந்தால், 'ஏன் முன்னர் சொல்லவில்லை?' என்று கணக்குக் கேட்கும் வேளை இதுவன்று. மறைத்தது தவறாயினும், அதற்கான தண்டனையை வயிற்றிலுள்ள சிசுவும் அதனைச் சுமப்பவளும் அனுபவிக்க விடுவது அதனிலும் பெரிய தவறாகும். திருமணத்தின்போதே இத்தகைய நோய்களை மறைக்காது பேசிக்கொள்வதும், அதனைக் கேட்ட பின்னரும் பெண்ணை மதித்து ஏற்பதும் நம் சமூகம் பழக வேண்டிய பண்புகளாகும்.

கணவனின் பங்கு

அன்பு இளைஞர்களே! அமானிதம் என்பது தாயின் மீது மாத்திரம் சுமத்தப்பட்டதன்று. முதல் கிளினிக்குக்கு மனைவியுடன் செல்லுங்கள். வழங்கப்படும் பதிவு அட்டையைத் திறந்து வாசியுங்கள். அடுத்த திகதி எது, இரத்த அழுத்தம் எவ்வளவு என்பவற்றை நீங்களும் அறிந்திருங்கள். மனைவி தொழில் புரிபவராயின், சட்டப்படி உரித்தான 84 நாள் பிரசவ விடுமுறை பற்றி அவரது தொழில் நிலையத்தில் முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

ஆண் வைத்தியரிடம் காட்ட நாணும் மனைவியின் உணர்வை மதியுங்கள். பெண் வைத்தியர் வேண்டும் என்றும், பரிசோதனையின் போது தாதி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்பதில் தவறில்லை. பல இடங்களில் அது நிறைவேற்றப்படுகின்றது. ஆனால், பெண் வைத்தியர் இல்லை என்பதற்காகச் சிகிச்சையையே கைவிடுவது மார்க்கம் வேண்டி நிற்பதன்று. நிர்ப்பந்த நிலையில் சிகிச்சைக்கு மார்க்கம் இடமளித்தே இருக்கின்றது.

வீட்டு உணவிலும் கவனம் தேவை. கிளினிக்கில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகள் பல வீடுகளில் அலுமாரியில் தேங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தேநீருடனோ, உணவின் பின் பிளேன் டீ அருந்தும் வேளையிலோ விழுங்கினால் பயன் பெரிதும் குறைந்துவிடும். தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையில் ஓரிரு மணித்தியால இடைவெளி இருக்கட்டும். கல்சியம் மாத்திரையையும் வேறு வேளையில் எடுங்கள். மலம் கருமையாகச் செல்வதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. திரிபோஷா வழங்கப்படுவது கர்ப்பவதிக்காகவே. அதனை வீட்டார் யாவரும் பகிர்ந்து உண்பது அவளது பங்கைப் பறிப்பதாகும். 'இருவருக்காக உண்ண வேண்டும்' என்று வட்டிலப்பத்தையும் இனிப்பையும் திணிப்பதும் அன்பாகாது.

தாய்வீடு செல்லும்போது

தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அது நல்ல வழக்கமே. ஆயினும், ஏழாம் எட்டாம் மாதத்தில் ஊர் மாறும்போது பதிவு அட்டை மறக்கப்படுகின்றது. புதிய ஊரின் மருத்துவ மாதுவுக்கு அவள் வந்த செய்தி தெரியாது. அட்டையில்லாத பெண்ணாக அவள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகின்றாள். ஆகவே, புறப்பட முன்னர் இவ்வூர் மாதுவிடம் கூறுங்கள். சென்ற வாரமே அவ்வூர் மாதுவிடம் பதியுங்கள். எந்த வைத்தியசாலையில் பிரசவம் என்பதையும், அங்கு செல்லும் வாகனத்தையும், உடனிருக்கப் போகும் பெண் உறவினரையும் முன்னரே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

ரமழான் வந்தால்

தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் கர்ப்பவதிக்கு நோன்பை விடுவதற்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அச்சலுகையைப் பயன்படுத்துவதை ஈமானின் குறைவாக எண்ணாதீர்கள். எண்ணுமாறு பிறர் பேசவும் இடமளியாதீர்கள். நீரிழிவு, இரத்தச்சோகை, கடும் வாந்தி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் ஆலோசித்தல் வேண்டும். விடுபட்ட நோன்புகளை எவ்வாறு ஈடுசெய்வது என்பதை உலமாக்களிடம் கேட்டறியுங்கள். நோன்பு காலம் என்பதற்காகக் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வருவனவற்றில் எதனையேனும் கண்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்: இரத்தம் படுதல், அடிவயிற்றில் கடும் வலியுடன் மயக்கம், நீரைக் கூட வயிற்றில் தங்கவிடாத வாந்தி, கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல், நீர்க்குடம் உடைதல், சிசுவின் அசைவு குறைதல். வாகன வசதியற்றோர் 1990 எனும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். மாமியாரின் அனுமதிக்காகவோ, கணவன் கடை மூடி வருவதற்காகவோ காத்திருக்கும் நேரத்தில் ஓர் உயிர் பிரிந்துவிடலாம்.

அன்புக்குரியவர்களே! மர்யம் (அலை) அவர்கள் தனிமையில் பிரசவ வேதனையுற்ற செய்தியைத் திருமறை நமக்கு எடுத்துரைக்கின்றது. ஒரு பெண்ணின் அந்த வேதனை எவராலும் அற்பமாகக் கருதப்படத் தக்கதன்று என்பதை அதிலிருந்து நாம் உணர்கின்றோம். தவக்குல் என்பது முயற்சியைக் கைவிட்டுக் காத்திருப்பதன்று. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதாகும்.

எனவே, இரண்டு கோடுகளைக் கண்ட அந்தக் காலைப் பொழுதில், அல்ஹம்துலில்லாஹ் கூறிய பின்னர், உங்கள் உம்மாவிடம் கூறுங்கள். கூடவே மருத்துவ மாதுவிடமும் கூறுங்கள். விரைந்து கூறுங்கள், எதனையும் மறைக்காது கூறுங்கள். ஊராருக்கு அறிவிப்பதை விரும்பும் காலத்துக்கு ஒத்திவையுங்கள்.

கர்ப்பவதிகளான நம் சகோதரிகள் யாவருக்கும் அல்லாஹ் இலகுவான பிரசவத்தையும், ஆரோக்கியமும் ஸாலிஹான பண்பும் நிறைந்த பிள்ளைகளையும் வழங்கி அருள்புரிவானாக! ஆமீன்.